மேகப் படத்தின் ஓரத்தில்

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால், மேகம் பார்க்கிறேன் என்று சொல்வேன். அதற்கு மேல் விளக்கத் தொடங்கினால் பெரும்பாலானவர்கள் தலையாட்டிக்கொண்டே வேறெதையோ யோசிக்கத் தொடங்கிவிடுவார்கள். எனக்கு அது பழகிப்போயிருந்தது. அதனால்தான் வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில், தமிழில், சாதாரண ஆட்களுக்கு என் ஆராய்ச்சியைப் பற்றிப் பேசச் சொல்லிக் கேட்டபோது உடனே ஓம் என்றேன். ஒரு தடவையாவது எல்லாரும் என்னைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர்கள் கவனித்துத்தான் கேட்டார்கள்.

வெளிநாட்டுப் படிப்பை முடித்துக்கொண்டு வந்த நாளிலிருந்து நான் அக்காவோடும் அத்தானோடும்தான் இருந்தேன். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடி ஒன்றின் நாலாம் தளத்தில் அவர்களது வீடு. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கடல் தெரியும் அறையை எனக்குத் தந்துவிட்டு அவர்கள் ரயில் சத்தம் குறைவான பின்னறைக்குப் போனார்கள். அக்கா பாடசாலை ஆசிரியை. அத்தான் நகரத்துக் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் கணக்குப் பகுதியில் இருந்தார். அதிகம் பேசாத மனிதர். சேர்ட்டைத் தானே அயர்ன் பண்ணுவார். அக்கா விடியற்காலையில் சமைத்து மூன்று பார்சல் கட்டுவாள்: எனக்கொன்று, அவளுக்கொன்று, அவருக்கொன்று. அவருடையதில் மட்டும் பொரித்த மிளகாய் இருக்கும்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செய்மதி மேலேயிருந்து மேகத்தைப் பார்க்கிறது. அது அனுப்பும் படத்தில் ஒரு புள்ளி என்பது நிலத்தில் சில கிலோமீற்றர் அகலம். வெள்ளவத்தை முழுவதும் அதற்கு ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். பெரிய மழை மேகமென்றால் பிரச்சினையில்லை. ஆனால் காலையில் கரையோரம் பஞ்சுத் துண்டு மாதிரி எழும்புகிற சின்ன மேகங்களை அது பிரித்துப் பார்க்காது. எல்லாவற்றையும் சேர்த்துக் குழைத்து, இங்கே மெல்லிய மூட்டம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடும். அது எவ்வளவு தூரம் பிழை என்று அளக்க, அதே வானத்தைக் கீழேயிருந்தும் பார்க்க வேண்டும். அதற்காக ஒரு கமரா வாங்கினோம். மேலே நிமிர்ந்தபடி இருக்கும். மீன்கண் லென்ஸ் போட்டது; வானம் முழுவதையும் ஒரு வட்டத்துக்குள் கொண்டுவந்துவிடும். நிமிடத்துக்கொரு படம் எடுக்கும். லென்ஸை மூடி ஒரு கண்ணாடிக் கவிப்பு.

தொடர்மாடிக் குழுவிடம் அனுமதி வாங்கி அதை எங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் பூட்டினோம். பூட்டினோம் என்று சொன்னாலும் பூட்டியது அத்தான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரும்புக் குழாயைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு படியேறினார். மட்டம் பார்த்து, ஆணியடித்து, வயரைத் தண்ணீர்த் தாங்கியின் பின்புறமாக இழுத்துக் கட்டினார். வேலை முடிந்ததும் கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துவிட்டு, "இனி எங்கட வீட்டுக்கு மேல என்ன நடக்குதெண்டு உலகத்துக்கே தெரியும்," என்று சிரித்தார்.

அதற்குச் சில மாதங்கள் கழித்து, இரவுச் சாப்பாட்டின்போது சாதாரணமாகக் கேட்டார்.

"உம்மட கமராவில ஆக்கள் விழுவினமோ?"

"இல்லை அத்தான். அது வானத்தை மட்டும்தான் பாக்கும்."

நான் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அதுதான் உண்மை. மீன்கண் லென்ஸில் வட்டத்தின் ஓரத்தில் சுற்றியிருக்கிற கட்டடம், தென்னை மரம், தண்ணீர்த் தாங்கி எல்லாம் விழும்தான். ஆனால் கணக்குப் பார்க்கும் புரோகிராம் அந்த ஓரத்தை வெட்டி எறிந்துவிடும். வானமல்லாதது என்று அதற்கு ஒரு பெயர். வானமல்லாததை நான் பார்ப்பதேயில்லை. அவர் ஏன் கேட்கிறார் என்றும் நான் கேட்கவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மண்டபத்துப் பேச்சு ஒரு சனிக்கிழமை. அக்கா தன் பாடசாலை ரீச்சர்மாரையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தாள். கரும்பச்சைச் சேலை உடுத்தியிருந்தாள். அத்தானுக்குச் சனிக்கிழமையும் அரைநாள் வேலை என்பதால் வரவில்லை. தமிழில் பேசுவது நான் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. செய்மதி, கதிர்வீச்சு என்று பள்ளிக்கூடத்தில் படித்த சொற்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடைசியில் காட்டுவதற்கு ஒரு சின்னப் படம் வைத்திருந்தேன். ஒரு நாள் முழுக்க எடுத்த வானத்தைச் சேர்த்து இரண்டு நிமிடத்துக்குள் ஓடவிட்டிருந்தேன். வழக்கம்போல ஓரத்தை வெட்டிப் பார்த்தேன். கறுப்புத் தாளில் ஓட்டை போட்ட மாதிரி வெறுமையாக இருந்தது. ஓரத்தோடு வைத்தபோது தென்னோலையும் கடலின் கோடும் தெரிந்தன. அழகாக இருந்தது. ஆகவே ஓரத்தை விட்டுவிட்டேன்.

படம் ஓடியது. கடலுக்கு மேல் வெறும் நீலம்; தரைப்பக்கம் மேகங்கள் முளைத்து, பெருத்து, கிழக்கே ஓடின. யாரோ கைதட்டினார்கள். அப்போது ஓய்வுபெற்றவர் போலிருந்த ஒரு ஐயா எழும்பினார்.

"பிள்ளை, ஒரு கேள்வி. மேகமெல்லாம் பறக்குது. அந்த மூலையில ஒருத்தர் மட்டும் போகாமல் இருக்கிறாரே, அவர் ஆர்? உம்மட அசிஸ்டன்ரோ?"

சபை சிரித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். என் லப்டொப்பில் அரிசிமணி அளவுக்கு இருந்த ஓரம், அந்தச் சுவரில் கதவளவு பெரிதாகியிருந்தது. தண்ணீர்த் தாங்கியின் பக்கத்தில் வளைந்த உருவமாக ஓர் ஆள் குந்தியிருந்தது தெரிந்தது. சிரிக்கிற சபையை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

"அவர்தான் எங்கட சம்பளமில்லாத அவதானிப்பாளர்," என்றேன்.

இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. படத்தை முதலிலிருந்து மறுபடி ஓடவிட்டேன். இந்த முறை மேகத்தை யாரும் பார்க்கவில்லை. காலையில் அந்த ஆள் தாங்கியின் ஒரு பக்கத்து நிழலில் வந்து இருந்தார். நிழல் நகர நகர அவரும் நகர்ந்தார். உச்சி வெயிலில் நிழல் இல்லாமல் போனதும் ஒரு குடை விரிந்தது. "வெயிலுக்குச் சுத்திச் சுத்தி இருக்கிறார், பாருங்கோ!" என்று யாரோ சொன்னார்கள். குடையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கள். அக்கா பழையதென்று கதவுக்குப் பின்னால் போட்டிருந்த குடை.

நான் முன்வரிசையைப் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவளது கை சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவசரமாகப் படத்தை நிறுத்தினேன். நிறுத்தியதுதான் பெரிய பிழை. ஓடிக்கொண்டிருந்தவரை அது ஒரு உருவம். நின்றதும் அது அத்தான். குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, மடியில் பார்சலை விரித்து, குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எந்த விசையை அழுத்தினால் படம் மறையும் என்று எனக்கு மறந்துபோயிற்று. அக்காவுக்குப் பக்கத்திலிருந்த ரீச்சர் சுவரைப் பார்த்தார். பிறகு திரும்பி அக்காவைப் பார்த்தார். பிறகு தன் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினார். கடைசியில் நான் வயரைப் பிடுங்கினேன்.

பிறகு தேநீரும் பற்றிஸ் பலகாரமும் கொடுத்தார்கள். அக்கா தட்டைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாரோடும் கதைத்தாள். "ஓம், இவ சின்னனிலயிருந்தே கெட்டிக்காரி," என்று இரண்டு மூன்று பேருக்குச் சொன்னாள். ஒருவர் "உங்கட மிஸ்டர் வரேல்லையோ?" என்று கேட்டார். "அவருக்கு இண்டைக்கு வேலை," என்றாள்.  நான் தூணுக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டேன்.

காலிக்குப் போகும் பெருவீதியால் நடந்து வந்தோம். சந்தைப் பக்கத்துச் சனக்கூட்டத்தைத் தாண்டினோம். எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியதும் நின்றாள்.

"தெரிஞ்சுதானே போட்டனீ?"

"ஐயோ அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது."

"காலமை பின்னேரம் உந்தப் படத்தைத்தானே பாத்துக்கொண்டிருக்கிறாய். பிறகெப்பிடித் தெரியாமல் போகும்?"

 புரோகிராம் ஓரத்தை வெட்டிவிடும் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? பிறகு அவளே சொன்னாள்.

"எனக்கும்தானே தெரியேல்லை. ஒவ்வொரு நாளும் எழும்பிச் சோறு கட்டிக் குடுத்தனான்."

வீட்டில் அத்தான் இல்லை. அக்கா உடை மாற்றாமலே குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மொட்டைமாடிக்கு ஏறிப் போய்ப் பார்க்க எனக்குத் துணிவு இருக்கவில்லை. என் அறையில் பழைய படங்களைத் திறந்தேன். அதைச் செய்திருக்கக் கூடாது. ஆனாலும் செய்தேன். கமரா பூட்டிச் சில மாதங்கள்வரை ஓரத்தில் காகங்களும் காயப்போட்ட துணிகளும்தான். பிறகு ஒரு நாள் அவர் வந்தார். அதன் பிறகு வேலை நாட்களில் எல்லாம் வந்தார். சில நாள் புத்தகம் வைத்திருந்தார். சில நாள் சும்மா. மழை நாட்களில் படிக்கட்டுக் கதவுக்குள் அவரது சப்பாத்து முனை மட்டும் தெரிந்தது. அவர் முதன்முதல் மேலே வந்த அதே வாரத்தில்தான் கமராவைப் பற்றி என்னிடம் கேட்டார் என்று அப்போது எனக்கு விளங்கியது.

வேறொன்றையும் கண்டேன். கெட்ட தரவு என்று புரோகிராம் ஒதுக்கிவைத்திருந்த படங்கள் ஒரு தனிக் கோவையில் இருந்தன. அவற்றை நான் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. திறந்தால், வானம் முழுவதையும் மறைத்துக்கொண்டு ஒரு கை; கையில் ஒரு கைலேஞ்சி. அடுத்ததிலும் அதே கை. கடற்காற்றின் உப்பும் காக எச்சமும் படிகிற இடத்தில் அந்தக் கண்ணாடிக் கவிப்பு எப்படி இவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று எங்கள் பிரிவில் எல்லாரும் அதிசயப்பட்டிருந்தார்கள். கட்டடத்துக் காவல்கார வோச்சர்தான் துடைக்கிறார் என்று நானே முடிவு செய்து, அவருக்கு நன்றியும் சொல்லியிருந்தேன். அவர் சிரித்துவிட்டுப் போயிருந்தார். அவர் ஏன் சிரித்தார் என்று இப்போது தெரிந்தது. வோச்சருக்கு எல்லாம் முன்னமே தெரிந்திருக்கிறது.

அத்தான் வழக்கமாக வரும் நேரத்துக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றி வரிசையாக வைத்தார். கையில் வேலைக்குக் கொண்டுபோகும் கந்தோர் பை. அக்கா தேத்தண்ணியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு நின்றாள்.  அவள் வாயால் அதைச் சொல்லவிடக் கூடாது என்று எனக்குத் தோன்றியது.

"அத்தான், இண்டைக்கு அங்க ஒரு வீடியோ காட்டினனான். மொட்டைமாடிக் கமராவில எடுத்தது. ஓரத்தை வெட்ட மறந்து... நான் வெட்டேல்லை. நீங்கள் அதில இருந்தனீங்கள்."

அவர் கோப்பையை எடுக்கப் போன கையை மெல்லப் பின்னுக்கு எடுத்தார்.

"நீர் சொன்னனீர், அது வானத்தை மட்டும்தான் பாக்குமெண்டு."

"ஓம்."

"எத்தினை பேர் பாத்தவை?"

"ஹோல் நிறைய ஆக்கள்."

"இவவின்ர ரீச்சர்மாரும்?"

நான் தலையாட்டினேன். அவர்கள் சிரித்ததையும், சிரிக்க வைத்தது நான்தான் என்பதையும் சொல்லவில்லை. அதை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. அக்காவும் சொல்லியிருக்க மாட்டாள்.

அத்தான் எழும்பி முகம் கழுவப் போனார். குளியலறைக் கதவு சாத்தியது. பைப்பில் தண்ணீர் ஓடிக்கொண்டேயிருந்தது. தேத்தண்ணி ஆறிப்போய் மேலே ஆடை படிந்தது. அக்கா போய்க் கதவருகில் நின்றாள்.

"வெளியில வாங்கோ. நான் ஒண்டும் கேக்க மாட்டன். வந்து தேத்தண்ணியைக் குடியுங்கோ."

வந்து, அவள் கேட்காமலே அவர் சொன்னார். நாடு பொருளாதாரத்தில் விழுந்த காலத்துக்குப் பிறகு கம்பனி கொஞ்சம் கொஞ்சமாக ஆட்களைக் குறைத்ததாம். கடைசியில் கணக்குப் பகுதியை வெளியே ஒரு இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். போகும்போது தந்த பணத்திலிருந்துதான் மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு எடுத்திருக்கிறார். வேறு வேலை கிடைத்ததும் சொல்லலாம் என்று இருந்தாராம். முதலில் கடற்கரைக் காலிமுகத்திடலுக்குப் போயிருக்கிறார். பிறகு நூலகத்துக்கு.

"எங்க போனாலும் எங்கட ஆக்கள் ஆராவது வருவினம். என்ன, இண்டைக்கு லீவோ எண்டு கேப்பினம். எத்தினை நாளைக்கு லீவெண்டு சொல்லுறது? மேலதான் ஒருத்தரும் வாறதில்லை."

"என்னட்டச் சொல்லியிருக்கலாமே," என்றாள் அக்கா.

"சொல்லத்தான் நினைச்சனான். நீர் எழும்பிச் சமைச்சு முடிச்சிருப்பீர். அந்த நேரத்தில எப்பிடிச் சொல்லுறது?"

அக்கா அழுதாள். நான் எழும்பி என் அறைக்குப் போய்விட்டேன். அங்கே இருக்க எனக்கு உரிமை இல்லை என்று பட்டது. அந்த அறையும் அவர்கள் எனக்கு விட்டுக்கொடுத்தது.

அதற்குப் பிந்திய நாட்களில் அத்தான் வீட்டை விட்டு இறங்கவேயில்லை. மரக்கறி வாங்கக்கூடப் போகவில்லை. நான் சந்தைக்குப் போனால், தெரிந்தவர்கள் குரலைத் தணித்து "அத்தான் எப்பிடி இருக்கிறார்?" என்று, நோயில் கிடக்கிற வருத்தக்காரரை விசாரிக்கிற மாதிரி விசாரித்தார்கள். ஒருவரும் பழிக்கவில்லை. அந்த இரக்கத்துக்குப் பழி எவ்வளவோ மேல் என்று தோன்றியது. கமராவைக் கழற்ற நான் ஆணி கழற்றும் சாவியோடு மேலே போனேன். அத்தான் பின்னால் வந்து தானே ஆணியைக் கழற்றித் தந்தார். குழாயையும் கீழே கொண்டுவந்தார்.  பிறகு அதைப் பல்கலைக்கழகக் கூரையில் பூட்டினோம். அங்கே கண்ணாடி கிழமைக்கொரு தரம் மங்கிவிடுகிறது.

மண்டபத்தில் கைப்பைக்குள் தேடிய அந்த ரீச்சரின் தம்பிக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு ஹாட்வெயார் கடை இருந்தது. கணக்குப் பார்க்க நம்பிக்கையான ஆள் தேவை என்று அக்காவுக்குச் சொல்லியனுப்பினார்.

"படத்தைப் பாத்துப் பரிதாபப்பட்டுத் தாற வேலை எனக்கு வேண்டாம்," என்றார் அத்தான்.

"நீங்கள் மேல இருந்தது எனக்கு வெக்கமில்லை. இனியும் வீட்டுக்குள்ள ஒளிச்சிருந்தால்தான் வெக்கம்," என்றாள் அக்கா. அவள் அவரோடு அப்படிக் கதைத்து நான் அதற்கு முன் கேட்டதில்லை. இரண்டு கிழமை இழுபட்டு, ஒரு திங்கட்கிழமை சேர்ட்டை அயர்ன் பண்ணிக்கொண்டு போனார்.

அவருக்கு என்னோடு கோபமில்லை. சாப்பிடும்போது கறியை என் பக்கம் தள்ளிவைப்பார். ஆனால் முன்பு போல அறைக்கதவைத் தட்டி, "இண்டைக்கு உம்மட மேகம் என்ன சொல்லுது?" என்று கேட்பதில்லை. அதைத் தாங்கமுடியாமல்தான் ஒரு நாள் கொட்டாஞ்சேனைக் கடைக்குப் போனேன் என்று நினைக்கிறேன். அன்று கோட்டையில் எனக்கு ஒரு கூட்டம் இருந்தது. முடிந்ததும் வீட்டுக்குப் போகிற பஸ்ஸைப் பிடிக்காமல் புறக்கோட்டையில் மாறி அங்கே போனேன். போகிற வழியில் ஒரு பெட்டி கேக் வாங்கினேன்.

கடை நெருக்கமான தெருவொன்றில் இருந்தது. வாசலில் பிவிசி குழாய்களும் பெயின்ற் வாளிகளும். உள்ளே கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அத்தான். கடைக்காரப் பெடியன் ஒருவனுக்குச் சிங்களத்தில் எதையோ விளக்கி, இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னைக் கண்டதும் அந்தச் சிரிப்பு நின்றது.

முதலாளிக்கு என்னை அறிமுகப்படுத்தினார். "மனிசியின்ர தங்கச்சி. யூனிவர்சிற்றியில இருக்கிறா." முதலாளி ஆவலாக, "ஓ, அந்த மேகப் படம் காட்டின பிள்ளையோ?" என்று கேட்டுவிட்டு, கேட்ட உடனேயே வாயை மூடிக்கொண்டார். நான் கேக் பெட்டியை நீட்டினேன். யாரும் அதை வாங்கக் கை நீட்டாததால் மேசையில் வைத்தேன்.

அத்தான் பஸ் நிறுத்தம்வரை கூட வந்தார். சனத்துக்குள் எனக்கு வழி விலக்கிவிட்டபடி நடந்தார். நிறுத்தத்தில் நின்றபோது, என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக் கேட்டார்.

"நான் உண்மையா வேலைக்குப் போறனோ எண்டு பாக்க வந்தனீரோ?"

"இல்லை அத்தான்! சும்மா... இந்தப் பக்கம் வந்தனான்."

"அக்கா அனுப்பினவவோ?"

"இல்லை. அவவுக்கு நான் வந்ததே தெரியாது."

"சரி."  பிறகு மிகவும் மென்மையாக, பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னார். "இனி இஞ்ச வராதையும், என்ன? வீட்ட கதைப்பம்."

ஓம் என்றேன். பஸ் வந்தது. கையைக் காட்டி அவரே மறித்தார். ஏறி இருந்ததும் யன்னலால் பார்க்க வேண்டும் போலிருந்தது, பார்க்கவில்லை. சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்று சொன்னேனே, அது பொய். வேலையில் இருக்கிறாரா என்று சந்தேகப்பட்டும் நான் போகவில்லை. அவர் நன்றாக இருக்கிறார் என்று ஒரு தடவை என் கண்ணால் கண்டுவிட்டால் எனக்கு நித்திரை வரும் என்று நினைத்துத்தான் போனேன். அவருக்கு அதில் என்ன ஆகும் என்று கேக் வாங்கும்போதும் நான் யோசிக்கவில்லை. புறக்கோட்டையில் இறங்கி வெள்ளவத்தை பஸ்ஸுக்காக நின்றபோது என் முகம் இன்னும் சூடாக இருந்தது.